கணைய அழுகலுக்கு எண்டோஸ்கோபி: நீலகிரிக்காரர்கள் கவனத்துக்கு

கணைய அழற்சியில் செத்த திசுவை உடனே சுரண்ட மாட்டார்கள். அதைச் சுற்றி உடலே ஒரு சுவர் கட்ட ஏறக்குறைய 4 வாரம் ஆகும். அவசரப்பட்டால் ரத்தம் கொட்டும்.

பிறகு எண்டோஸ்கோபி (வாய் வழியே விடும் கேமராக் குழாய்) முனையிலுள்ள அல்ட்ராசவுண்டில் பார்த்து, இரைப்பைச் சுவர் வழியே சுமார் 15 மி.மீ. அகல உலோக ஸ்டென்ட் (வடிகுழாய்) வைப்பார்கள். இரு முனையும் நூல்கண்டு போல விரிந்திருக்கும். பலருக்குச் சீழ் வடிந்தாலே போதும். காய்ச்சல் தணியாவிட்டால்தான் அதே துளைக்குள் நுழைந்து, கம்பிக் கண்ணியால் திசுவைத் துண்டு துண்டாக இழுத்து இரைப்பையில் விடுவார்கள். பல தடவை ஆகலாம், சலிக்காதீர்கள்.

ஸ்டென்ட் எடுக்கும் தேதியை மட்டும் தள்ளவே கூடாது. வழக்கமாக 3-4 வாரத்தில் சி.டி. ஸ்கேன் பார்த்து எடுப்பார்கள். குழி சுருங்கச் சுருங்க அதன் முனை ரத்தக்குழாயை உரசும். மழைக்காலமென்றால் ஒரு நாள் முன்பே கோவை இறங்குங்கள். குன்னூர்-மேட்டுப்பாளையம் சாலையில், பர்லியாறில் மண் சரிந்தால் கோத்தகிரி வழிதான்.

கறுப்பு மலம், ரத்த வாந்தி என்றால் 108. நேரே மலையிறங்காமல், முதலில் அருகிலுள்ள மருத்துவமனையில் ரத்தம் ஏற்றட்டும்.