30 சதவீதத்திலேயே அணையும் போன்

சார்ஜ் 30 சதவீதம் இருக்கும்போதே, கேமரா பிளாஷ் அடித்தால் போன் பொசுக்கென்று அணைந்துவிடும். சார்ஜரில் செருகினால் மறுபடி 28 என்று காட்டும். மென்பொருள் கோளாறாக்கும் என்று ரீசெட் செய்து பார்த்தேன், வீண் வேலை. லித்தியம் அயான் பேட்டரி பழசானால் உள்மின்தடை, அதாவது பேட்டரிக்குள்ளேயே மின்னோட்டத்தைத் தடுக்கும் தன்மை, ஏறிவிடும். திடீரென்று அதிக மின்னோட்டம் இழுக்கும்போது வோல்டேஜ் சரிந்து போன் நின்றுவிடுகிறது.

பின்மூடியின் ஓரம் நகம் நுழையும் அளவுக்குத் தூக்கியிருந்ததைக் கண்டதும் சார்ஜ் போடுவதையே நிறுத்தினேன். பேட்டரிக்குள்ளே வாயு சேர்ந்து உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அமுக்கக் கூடாது, ஊசியால் குத்தினால் தீப்பிடிக்கும்.

பேட்டரியைக் கழற்றும் முன் சார்ஜ் 25 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். போனை அணைத்து, மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரை எடுப்பது. பேட்டரியை ஒட்டியிருக்கும் பசை விடாவிட்டால் ஓரத்தில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் (சீக்கிரம் ஆவியாகும் துப்புரவுத் திரவம்) சில சொட்டு விட்டு, இரண்டு நிமிடம் பொறுத்து பிளாஸ்டிக் அட்டையால் மெல்ல நெம்பலாம். ஸ்க்ரூடிரைவர் வேண்டவே வேண்டாம். கைப்பழக்கம் இல்லாதவர்கள், உப்பிய பேட்டரி என்றால், மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவதே மேல். பழையது மின்கழிவு சேகரிப்புக்குப் போக வேண்டும், குப்பைத்தொட்டிக்கு அல்ல.

புதிய பேட்டரியைப் பெரும்பாலும் 20க்கும் 80க்கும் நடுவில் வைத்திருக்கிறேன். தலையணைக்கு அடியில் சார்ஜ் போடுவதில்லை. சூடானால் உறையைக் கழற்றிவிடுவேன்.