கல் பவளமும் சும்மா இருக்காத கையும்

ஒரு ராத்திரியில் என் கடல்நீர்ப் பவளத் தொட்டியின் ஆல்கலினிட்டியை (தண்ணீரில் கரைந்துள்ள கார்பனேட் வகைகளின் அளவு) 6.5-லிருந்து 9-க்கு ஏற்றினேன். அதுதான் சரியான அளவு என்று எங்கோ படித்திருந்தேன். எண் சரியாகிவிட்டது என்ற திருப்தியோடு தூங்கப் போனேன். மூன்றாம் நாள் நீல நுனி அக்ரோபோரா என்ற கிளைப் பவளத்தின் அடியிலிருந்து சதை உரிய ஆரம்பித்தது. வெள்ளை எலும்பு வெளியே தெரிந்தது. 6.5-இல் மாதக்கணக்கில் உயிரோடு இருந்த பவளம், 9-இல் ஒரு வாரம் தாங்கவில்லை.

கல் பவளம் வளர்ப்பதில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த வகையைச் சேர்ந்தவைதான். அளவு தப்பாக இருந்ததால் செத்த பவளங்களைவிட, அளவைச் சரிசெய்கிறேன் என்று நாம் கையை விட்டதால் செத்தவை அதிகம்.

ஆல்கலினிட்டியிலிருந்தே தொடங்குகிறேன். கல் பவளம் தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத் தன் எலும்புக்கூட்டைக் கட்டுகிறது. இயற்கைக் கடல்நீரில் ஆல்கலினிட்டி சுமார் 7 டி.கே.எச் (அதை அளக்கும் அலகு), கால்சியம் 410 முதல் 420 பி.பி.எம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), மெக்னீசியம் 1300 பி.பி.எம்-ஐ ஒட்டி இருக்கும். வீட்டுத் தொட்டியில் ஆல்கலினிட்டி 7-க்கும் 9-க்கும் நடுவில் எங்கே இருந்தாலும் சரி. எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான். மாற்றியே ஆக வேண்டும் என்றால் ஒரு நாளைக்கு அரை டி.கே.எச் போதும். ஒன்றைத் தாண்டவே கூடாது.

பலர் கால்சியத்தை அடிக்கடி அளந்துவிட்டு ஆல்கலினிட்டியை மறந்துவிடுவார்கள். கணக்கு போட்டுப் பார்த்தால் இது தலைகீழ் என்று தெரியும். பவளம் எலும்பு கட்டும்போது 20 பி.பி.எம் கால்சியத்தோடு சுமார் 2.8 டி.கே.எச் ஆல்கலினிட்டியும் போகிறது. 420-இல் 20 குறைந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. 8-இல் 2.8 குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு காலி. அதனால் முதலில் ஆட்டம் காண்பது ஆல்கலினிட்டிதான். எஸ்.பி.எஸ் வகைகள் (அக்ரோபோரா போன்ற சிறு பாலிப் கல் பவளங்கள்) நிறைந்த தொட்டியில் ஒரே நாளில் 1 டி.கே.எச் இறங்குவதும் உண்டு. ஆல்கலினிட்டியை இரண்டு நாளுக்கு ஒரு முறை, ஒவ்வொரு தடவையும் ஒரே நேரத்தில் அளந்தால் நல்லது. கால்சியத்துக்கு வாரம் ஒரு முறை போதும். மெக்னீசியத்துக்கு மாதத்தில் ஓரிரு முறை.

இன்னொரு பொறி: பவளம் வளர்கிறது, நாம் ஊற்றும் கால்சியம், ஆல்கலினிட்டி கரைசல்களின் அளவு மட்டும் வளர்வதில்லை. ஆறு மாதத்துக்கு முன் கச்சிதமாக இருந்த டோசிங் அளவு, கிளைகள் இரண்டு மடங்கானதும் போதாமல் போகும். "எல்லாம் நல்லாத்தானே போய்க்கொண்டிருந்தது" என்று ஆட்கள் புலம்புவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

எண் திடீரென்று விநோதமாக வந்தால் உடனே பாட்டிலைத் திறக்காதீர்கள். மறுபடி அளங்கள். டெஸ்ட் கிட்டின் தேதியைப் பாருங்கள். முடிந்தால் வேறொரு கிட்டில் அளங்கள். என் 6.5-கூட உண்மையான 6.5தானா என்பது எனக்கே சந்தேகம். அந்தக் கிட் காலாவதியாகி நாலு மாதம் ஆகியிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். ஒரு சின்ன விஷயம்: கால்சியம் கரைசலையும் ஆல்கலினிட்டி கரைசலையும் ஒரே இடத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக ஊற்றினால் இரண்டும் சேர்ந்து வெள்ளைப் பொடியாக விழுந்துவிடும். பவளத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. நல்ல நீரோட்டம் உள்ள இடத்தில், இடைவெளி விட்டு ஊற்றுங்கள்.

அடுத்த தவறு அவசரம். ஆக்கப் பொறுத்தவர்களுக்கு ஆறப் பொறுக்காது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்ததும் தொட்டி தயார் என்று நினைக்கிறோம். அது மீனுக்கு. நாலு முதல் ஆறு வாரத்தில், பாக்டீரியா அம்மோனியாவை மாற்றத் தொடங்கும் அந்தச் சுழற்சி முடிந்தாலும், பாறைகளில் குடியேற வேண்டிய நுண்ணுயிர்கள் நிலைகொள்ள மாதங்கள் ஆகும். அக்ரோபோரா வாங்க ஆறு மாதமாவது பொறுங்கள்; ஒரு வருடம் பொறுத்தால் இன்னும் நல்லது. பாறையிலும் கண்ணாடியிலும் கோரலைன் பாசி ஊதா நிறத்தில் தானாகப் பரவ ஆரம்பிப்பது நல்ல அறிகுறி. அதுவும் கால்சியம் கார்பனேட் கட்டும் உயிர்தான். அதுவே வளராத தண்ணீரில் அக்ரோபோரா வளர்வது கஷ்டம். கை அரித்தால் அதுவரை டங்கன், ஹாமர் போன்ற எல்.பி.எஸ் (பெரிய பாலிப் கல் பவளம்) வகைகளை வைத்துப் பழகலாம். அப்புறம் மோண்டிபோரா என்ற எஸ்.பி.எஸ் வகை. அதன் பிறகு மற்றவை.

தண்ணீர் ரொம்பச் சுத்தமாக இருப்பதும் தவறு

இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். பவளத்தின் சதைக்குள் ஜூசாந்தெல்லே என்ற நுண்பாசி வாழ்கிறது. ஒளியில் உணவு தயாரித்துப் பவளத்துக்குக் கொடுப்பது அதுதான். அதன் நிறம் பழுப்பு. நாம் காசு கொடுத்து வாங்கும் நீலமும் ஊதாவும் ஒளிரும் பச்சையும் பவளம் தானே உருவாக்கும் புரதங்களின் நிறங்கள். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதிகமானாலோ வெளிச்சம் குறைந்தாலோ பாசி பெருகி, பழுப்பு மேலே வந்து மற்ற நிறங்களை மூடிவிடும்.

இது தெரிந்தவுடன் நாம் என்ன செய்கிறோம்? கழிவை நுரையாக எடுக்கும் ஸ்கிம்மரைப் பெரிதாக்கி, பாஸ்பேட் நீக்கியைக் கொட்டி, மீனுக்குச் சாப்பாட்டைக் குறைத்து, இரண்டையும் பூஜ்யத்துக்கு விரட்டுகிறோம். முதல் இரண்டு வாரம் நிறம் பிரமாதமாக இருக்கும். அதற்குப் பிறகு பாசி பட்டினியில் குறைந்து, பவளம் வெளுத்து, வண்ணப் பென்சிலால் லேசாகத் தீட்டியதுபோல் ஆகிவிடும். போதாக்குறைக்கு, போட்டிக்கு ஆளில்லாத அந்தத் தண்ணீரில் டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர் கிளம்பும். குமிழிகள் ஒட்டிய பழுப்புச் சளி மணலில் படர்ந்தால் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒருமுறை வந்துவிட்டால் மாதக்கணக்கில் உயிரை வாங்கும்.

நைட்ரேட் 2 முதல் 10 பி.பி.எம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம் இருக்கட்டும். பாஸ்பேட் அதிகமாக இருந்தாலும் வாரக்கணக்கில் மெதுவாக இறக்குங்கள். பொடியை முழு அளவில் போட்டு ஒரே நாளில் உறிஞ்சுவது, நான் ஆல்கலினிட்டியில் செய்த அதே தப்பு. இரண்டுக்கும் தொடர்பும் உண்டு: நைட்ரேட், பாஸ்பேட் என்ற சத்து மிகக் குறைவாகவும் ஆல்கலினிட்டி உயரமாகவும் இருந்தால் கிளை நுனிகள் கருகியதுபோல் வெளுக்கும். சத்து குறைந்த தொட்டியில் 8-க்கு மேல் போகாமல் இருப்பது என் வழக்கம்.

வெளிச்சம், ஓட்டம், இடம்

கடைத் தொட்டியில் முழு நீல விளக்கின் கீழ் எல்லாமே ஜொலிக்கும். வாங்கும் முன் வெள்ளை விளக்கைப் போடச் சொல்லிப் பாருங்கள். அங்கே வெளுத்துத் தெரியும் பவளம் உங்கள் வீட்டில் திடீரென்று தேறிவிடாது.

வீட்டுக்கு வந்த அன்றே உச்சியில், விளக்குக்கு நேர் கீழே வைப்பது இன்னொரு தவறு. அது எந்த வெளிச்சத்தில் இருந்து வந்தது என்று நமக்குத் தெரியாது. மங்கலான இடத்தில் வைத்து, இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக மேலே ஏற்றுங்கள். பார் அளவில் (பாசி பயன்படுத்தும் ஒளியின் அளவு) சொன்னால் பெரும்பாலான எல்.பி.எஸ்-க்கு 50 முதல் 150, அக்ரோபோராவுக்கு 200 முதல் 350. புதிய எல்.இ.டி வாங்கினால் பாதிச் சக்தியில் தொடங்குங்கள். வெளிச்சம் போதாத பவளம் பழுப்பாகி மாதக்கணக்கில் காத்திருக்கும். அதிகமானால் நாட்களில் வெளுத்துவிடும். எனவே சந்தேகம் என்றால் குறைவான பக்கம் இருப்பதே மேல்.

நீரோட்டம் பலமாக வேண்டும்; ஆனால் பவர்ஹெட் (நீரோட்டம் தரும் மோட்டார்) ஒரே திசையில் நேராக அடிக்கக் கூடாது. அடிபடும் பக்கத்தில் சதை கழன்றுவிடும். திசை மாறி மாறி வரும் ஓட்டம்தான் எஸ்.பி.எஸ்-க்குப் பிடிக்கும். ஹாமர், டார்ச் போன்ற எல்.பி.எஸ் பவளங்கள் மெல்ல ஆடினால் போதும்.

இடைவெளி விஷயத்தில் பகல் காட்சியை நம்பாதீர்கள். ராத்திரி விளக்கணைந்ததும் பல பவளங்கள் நீண்ட கொட்டும் இழைகளை வெளியே விடும். கேலக்ஸியா என்ற பவளத்தின் இழைகள் ஒரு அடி வரைகூட நீளும். காலையில் பக்கத்துப் பவளத்தில் ஒரு பக்கம் மட்டும் சதை இல்லை என்றால், தண்ணீரைச் சோதிப்பதற்கு முன் பக்கத்து வீட்டைச் சந்தேகியுங்கள். சிவப்பு டார்ச் லைட்டோடு ஒருமுறை ராத்திரி போய்ப் பாருங்கள். அது ஒரு தனி உலகம்.

கூடவே வரும் விருந்தாளிகள்

புதிய கிளைத் துண்டை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டால் பூச்சி போய்விடும் என்பது பெரும் தப்புக் கணக்கு. அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழுவோ மோண்டிபோராவைத் தின்னும் நுடிபிராங்க் என்ற ஓடில்லா நத்தையோ மருந்தில் உதிர்ந்து விழலாம். முட்டைகள் அசையாது. தட்டைப்புழு முட்டையிடுவது சதை இல்லாத அடிப்பகுதியில்தான். அதனால் துண்டு ஒட்டி வந்த பீடத்தை உடைத்து எறிந்துவிட்டு, புதியதில் ஒட்டுங்கள். தனித் தொட்டியில் சில வாரம் வைத்து, வாரம் ஒருமுறை திரும்ப முக்குங்கள். தனித் தொட்டிக்கு இடமில்லை என்று சொல்பவர்களுக்கு ஒரு கேள்வி: பெரிய தொட்டியில் பாறையோடு ஒட்டி வளர்ந்த இருபது பவளங்களை எப்படிக் கழற்றி முக்கப் போகிறீர்கள்?

உப்பளவைப் பற்றி இரண்டே வரி. ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே இருக்கும். எனவே குறையும் நீரை உப்பில்லாத ஆர்.ஓ. டி.ஐ. (வடிகட்டித் தூய்மையாக்கிய) தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும், முடிந்தால் தானியங்கிக் கருவி வைத்து. உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் சரிபார்க்காமல் 35 பி.பி.டி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) அளவுக் கரைசலில் சரிபாருங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். செம்பு கலந்து வந்தால் முதுகெலும்பில்லாத எந்த உயிரும் தாங்காது.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பவளம் அடியிலிருந்து உரிய ஆரம்பித்தால்? அந்த அக்ரோபோரா உரியத் தொடங்கிய அன்று நான் பாதித் தண்ணீரை மாற்றினேன், விளக்கைக் குறைத்தேன், பவளத்தை வேறு இடத்துக்கு நகர்த்தினேன், தண்ணீரை வடிகட்டும் கார்பனையும் போட்டேன். எல்லாம் ஒரே மாலையில். செய்திருக்க வேண்டியது ஒன்றுதான்: உரிந்த கோட்டுக்கு மேலே ஒரு விரல் அகலம் விட்டு, சதை நன்றாக இருந்த நுனிகளை வெட்டித் தனியாக ஒட்டுவது. அன்று ஏழு நீல நுனிகள் நன்றாக இருந்தன. எண்ணிப் பார்த்தேன், வெட்ட மனசு வரவில்லை.