மாட்பிளொட்லிப்பில் தமிழ் ஊர்ப்பெயர்கள்: என் அனுபவம்

மாட்பிளொட்லிப் என்ற பைத்தான் வரைபட நூலகத்தில் கொழும்பின் மழை அளவை வரைபடமாகப் போட்டு, ஊர்ப்பெயர்களைத் தமிழில் எழுதப் பார்த்தேன். முதலில் வந்தவை வெறும் கட்டங்கள். மாட்பிளொட்லிப்போடு வரும் டேஜாவு சான்ஸ் எழுத்துருவில் தமிழ் கிடையாது. சரி, நோட்டோ சான்ஸ் தமிழுக்கு மாற்றினேன். கட்டங்கள் போயின, ஆனால் வெள்ளவத்தையில் ஒற்றைக்கொம்பு 'வ'வுக்குப் பின்னால் போய் நின்றது. கொட்டாஞ்சேனையில் 'சே'யின் இரட்டைக்கொம்பும் அப்படியே.

எழுத்துருவில் குறை இல்லை. நான் பாவித்த மாட்பிளொட்லிப் பதிப்பு ஒவ்வொரு குறியையும் வந்த வரிசையிலேயே வைக்கிறது. கொம்பை முன்னே நகர்த்தும் வேலையைச் செய்வதில்லை. அந்த வேலையைப் பிரவுசர் நன்றாகச் செய்யும். அதனால் படத்தை, எழுத்தை எழுத்தாகவே வைத்திருக்கக்கூடிய எஸ்விஜி (SVG) கோப்பாகச் சேமித்தேன். அதற்கு முன் 'எஸ்விஜி ஃபொண்ட்டைப்' (svg.fonttype) அமைப்பை 'நன்' (none) என்று மாற்ற வேண்டும். இதுதான் முக்கியம். மாற்றாவிட்டால் எழுத்தெல்லாம் கோடுகளாகிப் பிழை அப்படியே உறைந்துவிடும்.

பிரவுசரில் திறந்ததும் வெள்ளவத்தை வெள்ளவத்தையாகவே இருந்தது. அத்தனை சந்தோஷம்! அப்புறம் இங்க்ஸ்கேப் என்ற வரைதல் மென்பொருளில் திறந்து பிடிஎஃப் எடுத்தேன். எஸ்விஜி படத்தை வேறு கணினிக்கு அனுப்பினால் அங்கும் அந்த எழுத்துரு இருக்க வேண்டும். பெயருக்குப் பின்னணியாக வெள்ளைப் பெட்டி போடுவதைத் தவிருங்கள், மாட்பிளொட்லிப் போடும் பெட்டியின் அகலம் பிரவுசர் காட்டும் எழுத்தோடு பொருந்தாது.