மூன்று திரை, ஒரே மேடை: விழாவுக்கு வீடியோ கோப்பு தயாரிக்கும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் நடக்கும் தமிழ் விழாக்களில் எல்இடி சுவர் இப்போது புதுமை இல்லை. நடுவில் பெரிய திரை, இரு பக்கமும் குறுகலான திரை என்ற அமைப்பை அடிக்கடி பார்க்கிறோம். சுவரை வாடகைக்குத் தருபவர் பலகைகளையும் கம்பிகளையும் கொண்டுவந்து மாட்டிவிடுவார். அதில் ஓடவேண்டிய படத்தை நாம்தான் தர வேண்டும். தமிழ்ப் பள்ளி ஆசிரியரோ நடனம் கற்கும் பிள்ளையின் அண்ணனோ அந்தப் பொறுப்பை ஏற்றிருப்பார். அப்படி முதல்முறை ஏற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீடியோவை வெட்டி ஒட்டத் தெரிந்தால் போதும், மிச்சமெல்லாம் பெருக்கல் கூட்டல்.

நவம்பர் 16 நினைவு நிகழ்ச்சியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். 1860-இல் அந்த நாளில்தான் சென்னையிலிருந்து தொழிலாளர்களை ஏற்றிவந்த ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நிகழ்ச்சியில் பழைய புகைப்படங்கள், ஒரு பரதநாட்டிய உருப்படி, தமிழில் சில வரிகள் எல்லாம் திரையில் வரவேண்டும்.

1. அளவைக் கேளுங்கள், தாளில் வரையுங்கள்

வீடியோ மென்பொருளைத் திறப்பதற்கு முன் திரை தருபவரிடம் கேட்கவேண்டியவை: ஒவ்வொரு திரையிலும் எத்தனை பலகை, ஒரு பலகையில் எத்தனை பிக்சல் (படத்தை உருவாக்கும் ஒளிப்புள்ளி), திரைகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி. "எச்டி அனுப்புங்கள், நாங்கள் பொருத்திக்கொள்கிறோம்" என்று பதில் வந்தால் ஏற்காதீர்கள். பொருத்துவது என்றால் இழுப்பதோ வெட்டுவதோதான்.

பரவலாகக் கிடைக்கும் பலகை ஒன்று அரை மீட்டர் அகலம், அரை மீட்டர் உயரம் இருக்கும். அதன் பிக்சல் இடைவெளி, அதாவது ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் உள்ள தூரம், 3.9 மில்லிமீட்டர் என்றால் பலகைக்கு 128 × 128 பிக்சல். நடுத்திரை 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்றால் 12 × 6 பலகை, அதாவது 1536 × 768 பிக்சல். பக்கத்திரை ஒவ்வொன்றும் 2 மீட்டர் அகலம், அதே உயரம்: 512 × 768.

இனி இடைவெளி. திரைகளுக்கு நடுவே ஒரு மீட்டர் வெற்றிடம் இருந்தால் அதுவும் 256 பிக்சல்தான். அதைக் கணக்கில் சேருங்கள். 512, 256, 1536, 256, 512 கூட்டினால் 3072. ஆக உங்கள் கேன்வாஸ், அதாவது வீடியோ செய்யவேண்டிய முழுப்பரப்பு, 3072 × 768. நடுத்திரை 768-ஆவது பிக்சலிலும் வலத்திரை 2560-ஆவது பிக்சலிலும் தொடங்கும். இடைவெளியை விட்டுவிட்டால், இடமிருந்து வலம் போகும் கப்பல் ஒரு திரையில் மறைந்த கணமே ஒரு மீட்டர் தள்ளி அடுத்ததில் குதிக்கும். சேர்த்தால் வெற்றிடத்துக்குப் பின்னால் நிதானமாகக் கடந்து வருவதுபோல் தெரியும்.

இந்த வரைபடத்தைத் தாளில் போட்டு, எண்களை எழுதி, வேலை முடியும்வரை கண்ணெதிரே ஒட்டிவையுங்கள். அடுத்த படிகள் எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

2. படங்களை அடுக்குதல்

கேன்வாஸின் மேல் வெற்றிடங்கள் இருக்கும் இடத்தில் கறுப்புப் பட்டை கொண்ட ஓர் அடுக்கை வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். கடைசியில் அதை மறைத்துவிடலாம். எந்த முகமும் எந்தச் சொல்லும் அந்தப் பட்டைக்குள் விழக்கூடாது.

பழைய புகைப்படங்களை அகலத்துக்கு இழுக்கவே கூடாது. கரும்புத் தோட்டத்தில் நிற்கும் ஒரு பெண்ணின் முகத்தை இரு மடங்கு அகலமாக்கித் திரையில் காட்டுவது அவரை அவமதிப்பதுதான். பார்வையாளர்களில் அவருடைய பேத்தி இருக்கலாம். படத்தை அதன் விகிதத்திலேயே நடுத்திரையில் வைத்து, பக்கத்திரைகளுக்கு அதே படத்தின் மங்கலான பகுதியையோ தனி நிறத்தையோ கொடுங்கள்.

திரையின் கீழ்ப்பகுதியை ஆடுபவர்கள் மறைப்பார்கள். எழுத்து எப்போதும் மேல்பாதியில் இருக்கட்டும். வெள்ளைப் பின்னணியைத் தவிருங்கள்: எல்இடியின் வெளிச்சத்தில் ஆடுபவர் வெறும் நிழலுருவமாகிவிடுவார், அபிநயம் யாருக்கும் தெரியாது.

3. தமிழ் எழுத்து

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். பல வீடியோ மென்பொருள்கள் ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அமைப்பு சரியில்லை என்றால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும், 'கொ' மூன்று துண்டாகும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் எழுத்துக்கான விருப்பத்தேர்வைத் தெற்காசிய மொழிகளுக்கு உரியதாக மாற்றிவிட்டுத் தட்டச்சு செய்யுங்கள். அப்போதும் சிதறினால் எழுத்தை வேறு மென்பொருளில் எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகச் சேமித்துக் கொண்டுவாருங்கள். தமிழ் நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் ஒவ்வொரு வரியையும் காட்டாமல் ரெண்டர் செய்யாதீர்கள் (வீடியோ கோப்பாக வெளியே எடுக்காதீர்கள்).

அடுத்து அளவு. 40 பிக்சல் உயர எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு நாலைந்து பிக்சல்தான் மிஞ்சும். மடிக்கணினியில் அழகாகத் தெரியும் அது, சுவரில் கரைந்துபோகும். 'மக்கள்' என்பதை 'மககள' என்று வாசிக்க நேரும். குறைந்தது 70 பிக்சல் உயரமும் தடித்த எழுத்துருவும் வையுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழின் தடித்த வடிவம் இதற்கு நன்றாகவே பொருந்தும். ஒரு வரிக்கு மூன்று நான்கு சொற்கள் போதும். இங்குள்ள இளையவர்கள் பலருக்குத் தமிழ் வாசிக்க வராது என்பதால், கீழே ஆங்கில வரி ஒன்றைச் சிறியதாகச் சேர்க்கலாம். தமிழ் மேலே, பெரிதாக. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

4. ஃபிரேம் வேகம்

வினாடிக்கு எத்தனை ஃபிரேம் (தனிப்படம்) என்பதில் எல்லாவற்றுக்கும் ஒரே வேகம். தென்னாப்பிரிக்கத் தொலைக்காட்சி வழக்கப்படி 25 ஃபிரேம் வைத்தால் கணினியின் வெளியீட்டை 50 ஹெர்ட்ஸுக்கு (வினாடிக்கு 50 முறை) மாற்றுங்கள். 60 ஹெர்ட்ஸில் விட்டால் சில ஃபிரேம் இரண்டு முறையும் சில மூன்று முறையும் காட்டப்பட்டு, மெதுவாக நகரும் படம் திக்கித் திக்கிப் போகும். 50 ஹெர்ட்ஸ் கிடைக்காவிட்டால் 30 ஃபிரேமில் வேலை செய்யுங்கள். கைபேசியில் எடுத்த வீடியோவின் வேகம் ஏறி இறங்கும். அதை முதலில் நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொண்டு பிறகு சேருங்கள்.

5. எந்தக் கோடெக்

கோடெக் என்பது வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறை. யூடியூபுக்குப் போடும் எச்.264 முறைக் கோப்பு மேடைக்கு ஏற்றதல்ல. அதில் பெரும்பாலான ஃபிரேம்கள் அருகிலுள்ள மற்ற ஃபிரேம்களைச் சார்ந்தவை. நினைத்த இடத்துக்குத் தாவும்போதும் லூப் (முடிந்ததும் முதலிலிருந்து மறுபடி ஓடும் படம்) திரும்பும்போதும் கணினி திணறும். ஒவ்வொரு ஃபிரேமும் தனித்து நிற்கும் கோடெக் வேண்டும். மேடையில் வீடியோ ஓட்ட ரெசொல்யூம் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினால் டிஎக்ஸ்வி கோடெக். அதற்கு மாற்றித்தரும் ஆலி என்ற மென்பொருளை ரெசொல்யூம் நிறுவனமே இலவசமாகத் தருகிறது. மேக் கணினியில் க்யூலேப் என்ற மென்பொருளில் ஓட்டினால் புரோரெஸ் அல்லது ஹேப் கோடெக். ஹேப் வேலையின் பெரும்பகுதியைக் கிராஃபிக்ஸ் அட்டையிடம் விட்டுவிடும். அகலமும் உயரமும் 4-ஆல் வகுபட வேண்டும் என்பது அதன் நிபந்தனை; நம் 3072-உம் 768-உம் வகுபடுகின்றன.

கோப்பு பெரிதாகும், பயப்படாதீர்கள். ஹேப் க்யூ வகையில் பிக்சலுக்கு அதிகபட்சம் ஒரு பைட். 3072 × 768 × 25 என்றால் வினாடிக்கு 59 எம்பி. ஐந்து நிமிடத்துக்கு 18 ஜிபி வரை போகலாம். பழைய யூஎஸ்பி குச்சியிலிருந்து இதை ஓட்ட முடியாது. கணினிக்குள் இருக்கும் எஸ்எஸ்டியில் படியெடுத்து ஓட்டுங்கள்.

6. உருப்படிக்குத் தனித்தனிக் கோப்பு

நட்டுவாங்கமும் பாட்டும் நேரடியாக நடக்கும் மேடையில், எட்டு நிமிட நடனத்துக்கு எட்டு நிமிட வீடியோவை அளந்து செய்வது வீண். அன்றைக்குக் காலப்பிரமாணம் (பாட்டின் வேகம்) சற்றுத் தளர்ந்தால் படம் முன்னால் ஓடிவிடும். பல்லவிக்கு ஒன்று, சரணத்துக்கு ஒன்று என ஒரு நிமிட லூப்களாகச் செய்து, நடன ஆசிரியரின் சைகை பார்த்து மாற்றுங்கள். லூப்பின் கடைசி ஃபிரேம் முதல் ஃபிரேமோடு தடம் தெரியாமல் இணைகிறதா என்று பலமுறை ஓட்டிப் பாருங்கள்.

பதிவுசெய்த இசைக்கு ஆடும் உருப்படி என்றால் முழுநீளக் கோப்பு சரிதான். ஒலியை 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் (WAV) கோப்பாக வையுங்கள். முடிவில் ஐந்து வினாடி கறுப்புச் சேருங்கள்.

கோப்புப் பெயரில் வரிசை எண் முன்னால் வரட்டும். பெயருக்கு ஆங்கில எழுத்தும் அடிக்கோடும் மட்டும் போதும், இடைவெளி வேண்டாம். தமிழ்ப் பெயரைச் சில மென்பொருள்கள் திறக்க மறுக்கும்.

7. அரங்கத்தில்

1080பி (1920 × 1080 பிக்சல்) வெளியீடு ஒன்றில் மூன்று திரையும் அடங்காது. நடுத்திரைக்கு ஒரு வெளியீடு, பக்கத்திரைகள் இரண்டையும் ஒட்டவைத்து இன்னொன்று என்று பிரியுங்கள். இரண்டும் ஒரே கிராஃபிக்ஸ் அட்டையிலிருந்து வந்தால் பிசகாது. ஒவ்வொரு திரையின் ஓரத்திலும் ஒரு பிக்சல் கோடும் நடுவில் வட்டமும் கொண்ட சோதனைப் படத்தை முதலில் ஓட்டுங்கள். வட்டம் முட்டையாகத் தெரிந்தாலோ கோடு காணாமல் போனாலோ எங்கோ யாரோ படத்தை நீட்டியிருக்கிறார்கள். கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் எச்டிஎம்ஐ வெளியீட்டின் வண்ண வரம்பைப் பாருங்கள்.

மின்வெட்டு வந்தால் ஜெனரேட்டர் எடுக்கும் சில வினாடிகளில் சுவர் அணைந்து எரியும், அது பரவாயில்லை. கணினியும் எல்இடி கட்டுப்பாட்டுப் பெட்டியும் யூபிஎஸ்ஸில் (மின்வெட்டிலும் மின்சாரம் தரும் பேட்டரிப் பெட்டியில்) இருக்க வேண்டும். இல்லையென்றால் அவை மறுபடி தொடங்கும்வரை மேடை இருட்டில் காத்திருக்கும். கோப்புகள் அனைத்தும் இரண்டாவது கணினியிலும் ஏற்றப்பட்டு, அதே வரிசையில் திறந்தபடி பக்கத்தில் இருக்கட்டும்.