பழைய பைபர் படகை நாமே சரிசெய்யலாமா? முதலில் தட்டிப் பாருங்கள்

சும்மா கொடுக்கிறார்கள் என்பதற்காக ஒரு பைபர் படகை வீட்டுக்கு எடுத்து வந்துவிடாதீர்கள். நான் எடுத்து வந்தேன். கொடைக்கானல் மேல்மலையில் ஒரு தோட்டத்தை விற்றுவிட்டுக் கீழே இறங்கியவர், குட்டைக் கரையில் பல வருஷமாகக் கவிழ்ந்து கிடந்த 12 அடி துடுப்புப் படகை, "எடுத்துக்கோங்க, பெயிண்ட் அடிச்சா புதுசு மாதிரி ஆயிடும்" என்று என் தலையில் கட்டினார். அப்போது ஐப்பசி. அந்தப் படகு மறுபடி தண்ணீரில் மிதக்க ஒன்றரை வருஷம் ஆனது, அதில் பாதிக்கு மேல் என் அவசரத்துக்கே போனது.

இரும்பாக இருந்தால் காயலான் கடைக்காரர் எடை போட்டு எடுத்துக்கொள்வார், மரமாக இருந்தால் அடுப்புக்காவது ஆகும். பைபரை எவரும் வாங்கமாட்டார்கள், எரித்தால் நச்சுப்புகை, புதைத்தால் மக்காது. மலையில் அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவீர்கள்? வத்தலக்குண்டுக்கு இறக்கவும் நீங்கள்தான் வண்டி வாடகை தரவேண்டும். ஆகவே வேண்டுமா வேண்டாமா என்பதைப் படகு அவர் இடத்தில் இருக்கும்போதே முடிவு செய்யுங்கள். அதற்கு ஒரு மதியப் பொழுது போதும். ஒரு சின்னச் சுத்தியல், சாக்பீஸ், கொஞ்சம் நூல், டிரில், ஒரு தராசு, இவ்வளவுதான் தேவை.

பைபர் வேலையில் பழகிய ஒருவர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேறு வேலையாக வந்திருந்தார். என் படகைச் சுற்றி வந்து சுத்தியலால் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே போனவர், பின்பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். "தம்பி, பைபருக்கு ஒண்ணும் ஆகல. உள்ள இருக்குற பலகை போச்சு" என்றார். எனக்கு இரண்டு சத்தத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அப்புறம் கீழ்மலையில் பலாவைத் தட்டிப் பார்ப்பதை நினைத்துக்கொண்டதும் பிடிபட்டது. காய் 'டங்'கென்று கெட்டியாகப் பேசும், பழுத்தது 'தொப்'பென்று அமுங்கிப் பேசும். படகில் நமக்குக் காயின் சத்தம்தான் வேண்டும். நாலு விரல் இடைவெளியில் அடிப்பக்கம் முழுக்கத் தட்டி, தொப்பென்று கேட்கும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். அடுக்கடுக்காக ஒட்டிய மேட் (கண்ணாடி இழை விரிப்பு) உள்ளுக்குள் பிரிந்திருந்தாலும், உள்ளே இருக்கும் மரம் ஊறியிருந்தாலும் இந்தச் சத்தம்தான் வரும். உள்ளங்கை அளவில் மூன்று நாலு வட்டம் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. படகின் அடியில் மூன்றில் ஒரு பங்கு வட்டத்துக்குள் போய்விட்டால், டீயைக் குடித்துவிட்டு நன்றி சொல்லிக் கிளம்புங்கள்.

பின்பக்கத்தில் செங்குத்தாக நிற்கும் பலகை, உட்காரும் பலகைகள், தரைக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் கட்டைகள் எல்லாம் பெரும்பாலும் பிளைவுட்டோ மரமோதான், மேலே பைபர் போர்த்தியிருப்பார்கள். பார்வைக்கு எல்லாமே பைபராகத் தெரியும். எப்போதோ யாரோ ஒரு ஸ்க்ரூவை இறக்கி, ஓட்டையை அடைக்காமல் விட்டிருப்பார்கள், அது வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருந்திருக்கும். அதனால் உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, பின்பலகையின் கீழ்ப்பகுதியில் உள்பக்கமிருந்து 6 மி.மீ. டிரில்லால் ஒரு துளை போடுங்கள், மறுபக்கம் வெளியே வராமல். வரும் தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளிறிய உலர்ந்த மரத்தூளாக இருந்தால் நல்லது. எனக்கு வடிகட்டிய டீத்தூள் மாதிரி கறுப்பாக, ஈரமாக, புளித்த வாடையோடு வந்தது. துளையை எபாக்சி புட்டியால் அடைத்துவிட்டால் முடிந்தது.

எடையைப் பற்றி யாரும் சொல்லமாட்டார்கள், எனக்கோ அதுதான் உண்மையைச் சொன்னது. பூண்டு மூட்டை போடும் பிளாட்பார தராசு ஒன்றைக் கேட்டு வாங்கி, படகின் முன்முனையை அதில் வைத்து ஒரு முறை, பின்பக்கத்தை வைத்து ஒரு முறை, இரண்டு தடவையும் மறுமுனையை அதே உயரத்தில் ஒரு கல்லின் மேல் தாங்கி, எடை பார்த்துக் கூட்டினேன். 131 கிலோ. கட்டிய விதத்தைப் பொறுத்து மாறும் என்றாலும், இந்த அளவு துடுப்புப் படகு 80, 90 கிலோவைச் சுற்றித்தான் இருக்கவேண்டும். மிச்சம் 40 கிலோ என்ன? தண்ணீர்! இருக்கைக்கு அடியில் மிதப்புக்காக அடைத்திருந்த பியு ஃபோம் (பாலியூரித்தேன் நுரை) நாற்பது லிட்டரைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தது. வெயிலில் வைத்தால் காய்ந்துவிடும் என்று நம்பாதீர்கள், மலை வெயிலுக்கு அந்தச் சக்தி இல்லை. மூடியை அறுத்துப் பிய்த்து எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் வைக்கவேண்டும். செலவு மிச்சம் என்று தெர்மாகோலை வைத்து மேலே சாதாரண ரெசினை, அதாவது மேட்டை ஒட்டும் பிசினை, தடவினால் அது கண்ணெதிரே கரைந்து குழியாகிவிடும், ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் அதைக் கரைத்துவிடும்.

மேல்பூச்சில் சிலந்தி வலை மாதிரி பரவிய மெல்லிய விரிசலைப் பார்த்துப் பலர் ஓடிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் ஜெல்கோட் என்ற அந்த மேல்பூச்சோடு நின்றுவிடும், தேய்த்துப் பூசினால் சரியாகும். ஒரே நேர்கோட்டில், உள்ளே கட்டை ஓடும் இடத்தையொட்டிப் போகும் விரிசல்தான் ஆபத்து. கொப்புளங்களையும் பாருங்கள். கடல் நீரைவிட நன்னீரில்தான் பைபருக்குக் கொப்புளம் அதிகம் வரும் என்பதால் குட்டையிலும் ஏரியிலும் வருஷக்கணக்கில் மிதந்தே கிடந்த படகு என்றால் கட்டாயம் பார்க்கவேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒன்றைக் குத்திப் பாருங்கள், உள்ளே அழுத்தத்தில் இருக்கும் திரவம் பீய்ச்சிக்கொண்டு வரும், வினிகர் வாடை அடிக்கும். பத்து இருபது கொப்புளம் என்றால் தோண்டி, கழுவி, காயவிட்டு அடைத்துவிடலாம். அம்மை போட்ட மாதிரி அடிமுழுக்க இருந்தால் ஜெல்கோட்டையே உரிக்கவேண்டிவரும், வீட்டில் செய்கிற வேலை அல்ல அது. கடைசியாக, முன்முனையிலிருந்து பின்பக்கம் வரை நூலை இழுத்துப் பிடித்து அடிப்பாகம் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கல்லின் மேல் பல வருஷம் கிடந்தால் படகு முதுகு வளைந்துவிடும், அதை நிமிர்த்த எனக்குத் தெரிந்து வழியில்லை.

படகு தேறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் தேறவேண்டியது உங்கள் இடம். சாதாரண பாலியெஸ்டர் ரெசின் ஒழுங்காக இறுக 18லிருந்து 25 டிகிரி வேண்டும், 15க்குக் கீழே போனால் முரண்டு பிடிக்கும். கொடைக்கானலில் கார்த்திகை மழையில், மஞ்சு ஷெட்டுக்குள்ளேயே நுழைந்து நிற்கும்போது, நான் முதல் ஒட்டைப் போட்டேன். மூன்று நாள் கழித்தும் நகம் பதிந்தது. (மேலே மட்டும் லேசாகப் பிசுபிசுப்பது சகஜம், காற்று பட்டால் மேற்பரப்பு அப்படித்தான் இருக்கும். நகம் இறங்கினால்தான் வேலை கெட்டது என்று அர்த்தம்.) அடுத்த தடவை கெட்டிக்காரத்தனமாக, ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட்டை இரண்டு மடங்கு ஊற்றினேன், டப்பாவே கையில் பிடிக்க முடியாமல் கொதித்து, ஒட்டு வெடித்து வெள்ளையாகிவிட்டது. ஒரு கிலோ ரெசினுக்கு 10லிருந்து 20 மில்லி, அதற்குமேல் எந்தக் குளிரிலும் கிடையாது. எல்லாவற்றையும் கிரைண்டரில் சுரண்டி எடுக்க ஒரு வாரம் போனது. ஆகவே நாலு பக்கமும் மூடி, தரை காய்ந்து, மாசி பங்குனி வரை படகைச் சும்மா வைத்திருக்க இடம் இல்லையென்றால் எடுக்காதீர்கள். உறைபனி போய் கோடை மழை பிடிக்கும் முன்பு கிடைக்கும் அந்த இரண்டு மாதத்தில், காலை பத்து மணியிலிருந்து மதியம் இரண்டு வரை, அவ்வளவுதான் நமக்கு வேலை நேரம். குளிருக்குக் கணப்பை ஷெட்டுக்குள் இழுத்துவிடாதீர்கள், ரெசின் ஆவியும் பிரஷ் கழுவும் அசிட்டோனும் பற்றிக்கொள்ளும்.

இன்னொன்றும் உயிர் சம்பந்தப்பட்டது. கடையில் ரெசின், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட், கேட்டலிஸ்ட் என்று மூன்றாகத் தருவார்கள். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு அப்புறம்தான் கேட்டலிஸ்ட். இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று ஊற்றினால் வெடிக்கும், ஒரே மூடியால் இரண்டையும் அளக்கக்கூட வேண்டாம். கண்ணில் கேட்டலிஸ்ட் தெறித்தால் பார்வையே போகலாம்.

இனி எவ்வளவு ஆகும் என்ற கணக்கு. சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஓர் அடுக்கு போட்டால் ஏறக்குறைய 1 மி.மீ. கனம் வரும், ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே ரெசின் குடிக்கும். 5 மி.மீ. கனமுள்ள இடத்தில் ஓட்டை இருந்தால், சுற்றிலும் 12 மடங்கு, அதாவது 60 மி.மீ. தூரத்துக்குச் சரிவாகத் தேய்த்துத்தான் ஒட்டவேண்டும். அப்போது 5 செ.மீ. ஓட்டை 17 செ.மீ. ஒட்டாகிவிடும். சாக்பீஸ் வட்டங்களை இப்படிப் பெரிதாக்கி, அடுக்குகளால் பெருக்கி, மதுரையிலோ திண்டுக்கல்லிலோ விலை கேட்டுப் போட்டுப் பாருங்கள், பின்பலகைக்கு ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வந்த தொகையை இரண்டால் பெருக்கினால் என் பில் வரும். எபாக்சி என்ற வேறு வகை ரெசின் பழைய பைபரில் இன்னும் நன்றாகப் பிடிக்கும், விலை பல மடங்கு. அதற்குச் சாதாரண மேட் சரிவராது, நெய்த துணி வேண்டும், மேலே சாதாரண ஜெல்கோட்டும் ஒழுங்காகப் பிடிக்காது. பின்பலகைக்கு மட்டும் எபாக்சி, மற்றதெல்லாம் பாலியெஸ்டர் என்று நான் முடித்துக்கொண்டேன்.

கிரைண்டர் பிடிக்கும் நாட்களில் வரும் அரிப்பை எப்படிச் சொல்வது? கைகளில் பவுடர் தடவிக்கொண்டு, முழுக்கைச் சட்டையை டேப் போட்டு ஒட்டி, வேலை முடிந்ததும் பச்சைத்தண்ணீரில் கழுவவேண்டும். மார்ச் மாதமானாலும் கொடைக்கானல் பச்சைத்தண்ணீர் என்னவென்று உங்களுக்குத் தெரியும். தூசுக்கு ஒரு மாஸ்க், ரெசின் ஆவிக்குக் கார்ட்ரிட்ஜ் வைத்த வேறு மாஸ்க், சாதாரணத் துணி மாஸ்க் இரண்டுக்கும் உதவாது. வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

மிதக்கவிட இடம் இருக்கிறதா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். 1863இல் இங்கே ஏரியை உண்டாக்கிய மதுரைக் கலெக்டர் வேர் ஹென்றி லெவிஞ்ச் மோட்டார் ரோடே இல்லாத காலத்தில் தூத்துக்குடியிலிருந்து படகு கொண்டுவந்தார் என்பார்கள். நாம் கலெக்டர் இல்லை, அனுமதி இல்லாமல் ஏரியில் இறக்க முடியாது. சொந்தக் குட்டையோ நண்பர் குட்டையோ இருந்தால் சரி. பெட்ரோல் மோட்டார் மாட்டும் ஆசை இருந்தால், 7,000 அடி உயரத்தில் அதன் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். காசு வாங்கி ஆட்களை ஏற்றும் படகென்றால் நீங்களே செய்யாதீர்கள், முறையான படகுக் கட்டுநரிடம் விடுங்கள்.

போன மாசியில் இன்னொருவர் கூப்பிட்டு, 14 அடிப் படகு, சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். சுத்தியலோடு போனேன். பாதி தூரம் தட்டுவதற்குள் சாக்பீஸ் தீர்ந்துவிட்டது. இப்போது அதில் மண் நிரப்பி ஹைட்ரேஞ்சியா வைத்திருக்கிறார், நன்றாகப் பூக்கிறது.