விருச்சிகத்தின் சீனப் பொருளை வானத்தில் படிப்பது எப்படி?

சீன ராசி என்றதும் எலி, எருது, புலி என்று தொடங்கும் பன்னிரண்டு விலங்குகளைத் தேடிப் போகிறவர்கள் முதலிலேயே வழி தவறுகிறார்கள். அவை ஆண்டுகளுக்கு வைக்கப்பட்ட பெயர்கள். விண்மீன் கூட்டங்களின் உருவங்கள் அல்ல. தேள் வடிவ விருச்சிகமும் பௌத்த நூல்களின் மொழிபெயர்ப்பு வழியாகச் சீனாவுக்குப் போய்ச் சேர்ந்ததே. அதற்கு முன்பே அந்த விண்மீன்களுக்குச் சீனர்கள் வேறொரு வடிவம் கண்டிருந்தார்கள். ஆகவே தேளை மறந்துவிட்டு வானத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஜூலை நடுவில் இரவு ஒன்பது மணி வாக்கில் தெற்கு நோக்கி நின்றால், செந்நிறமாக ஒளிரும் விண்மீன் ஒன்று தெரியும். அதுவே நம் கேட்டை. இருபுறமும் உள்ள மங்கலான இரண்டு மீன்களையும் சேர்த்துச் சீனர்கள் 'ஷின்', அதாவது இதயம் என்றார்கள். அதற்கு வலப்பக்கம் சற்று மேலே நிற்கும் வரிசை, நமக்கு அனுஷம், அவர்களுக்கு 'ஃபாங்' என்னும் அறை. இடப்பக்கம் கீழே கொக்கிபோல் வளையும் ஒன்பது மீன்கள், நமக்கு மூலம், அவர்களுக்கு 'வெய்' என்னும் வால். நட்சத்திரங்களை நாம் 27 ஆகவும் அவர்கள் 28 ஆகவும் எண்ணினாலும், இந்த மூன்று இடங்களில் இரு மரபுகளும் ஏறக்குறைய ஒத்துப்போவதால், தமிழ் வாசகருக்கு இதைவிட எளிய நுழைவாயில் இல்லை.

அடுத்து, இதயமும் வாலும் யாருடையவை என்று கேட்க வேண்டும். அந்த 28 நட்சத்திரங்களைச் சீனர்கள் சந்திரனின் தங்குமிடங்கள் என்பார்கள். அவற்றில் ஏழு கிழக்குத் திசையின் நீலப்பச்சை டிராகனுக்கு உரியவை. அதன் கொம்பு நம் சித்திரையில் தொடங்குகிறது. சந்திர நாட்காட்டியின் இரண்டாம் மாதம் இரண்டாம் நாளை 'டிராகன் தலை தூக்கும் நாள்' என்று இன்றும் கொண்டாடி, நல்ல சகுனம் என்று முடி வெட்டிக்கொள்கிறார்கள். மாலையில் அந்தக் கொம்பு கிழக்கே எழும் பருவம் அது. ஹுபெய் மாநிலத்தில் 1978-இல் அகழப்பட்ட, பண்டைய செங் நாட்டு யீ பிரபுவின் கல்லறையில் கிடைத்த அரக்குப் பெட்டியின் மூடியைப் படத்திலாவது பார்த்துவிடுங்கள்: நடுவில் சப்தரிஷி மண்டலத்தைக் குறிக்கும் எழுத்து, அதைச் சுற்றி 28 பெயர்கள், ஒருபுறம் டிராகன், மறுபுறம் புலி. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே முழு வரிசையும் இருந்ததற்கு அதுவே சான்று.

கேட்டைக்குத் 'தாஹுவோ', அதாவது பெருந்தீ என்றும் பெயர். 'ஏழாம் மாதம் தீ சாய்கிறது' என்ற, பண்டைச் சீனக் கவிதைத் தொகுப்பான ஷிஜிங்கின் வரியைக் கடும் வெயில் என்று இன்று சீனர்களே பலர் தவறாகப் பொருள் கொள்கிறார்கள். தாஹுவோ மேற்கே இறங்குவதால் குளிர் நெருங்குகிறது என்பதே அதன் பொருள். அரசியலிலும் அதற்கு இடம் இருந்தது. இதயத்தின் நடுமீன் அரசனைக் குறித்ததால், செவ்வாய் அங்கே தங்குவது பெரும் தீக்குறி. அப்படித் தங்கியபோது, வானத்தை நாடுகளுக்குப் பங்கிட்டதில் கேட்டை விண்மீன் யாருடைய பங்கோ அந்தப் பண்டைய சோங் நாட்டின் பிரபு ஜிங், வரவிருந்த தீங்கை அமைச்சர் மீதோ மக்கள் மீதோ விளைச்சல் மீதோ திருப்பிவிடலாம் என்ற சோதிடரின் யோசனையை மறுத்தார் என்றும், அதன்பின் செவ்வாய் விலகியது என்றும் பழைய வரலாற்று நூல்கள் சொல்கின்றன.

சோங் நாட்டுத் தலைநகர் ஷாங்ச்சியூ. ஓயாமல் சண்டையிட்ட எபோ, ஷிச்சென் என்னும் சகோதரர்களைப் பிரித்து, எபோவை இந்த ஊருக்குத் தாஹுவோவின் பொறுப்பாளனாகவும், ஷிச்சென்னை மேற்கே ஓரியன் என்னும் வேட்டைக்காரன் விண்மீன் கூட்டத்தின் இடுப்பிலுள்ள மூன்று மீன்களுக்குப் பொறுப்பாளனாகவும் அனுப்பினார்கள் என்பது கதை. ஒன்று எழுமுன் மற்றது மறைந்துவிடும். சந்திக்கவே முடியாத நண்பர்களுக்குத் தாங் காலக் கவிஞர் து ஃபு காட்டிய உவமையும் இதுவே.

ஆனால் இந்தப் பிரிவு ஷாங்ச்சியூ போன்ற வடக்கு அட்சரேகைகளுக்கே பொருந்தும். தமிழ்நாட்டில், ஏப்ரல் 20 வாக்கில் இரவு ஒன்பதரை மணிக்கு, கிழக்கும் மேற்கும் மறைப்பில்லாத வெளியில் நின்று பாருங்கள். தூசியும் மேகமும் இடம் கொடுத்தால், மேற்கே மூன்று மீன்கள் மறையுமுன் தென்கிழக்கு அடிவானத்தில் கேட்டை எழுந்திருக்கும். சகோதரர்கள் இருவரும் அரை மணி நேரத்துக்கு மேல் ஒரே வானத்தில் இருப்பார்கள்.