பியூஜோ 205 ஜிடிஐயா, ரெனோ 5 ஜிடி டர்போவா? வாங்குறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

1980கள்ல வந்த இந்த ரெண்டு வேகமான பிரெஞ்சு சின்ன காரையும் ஒப்பிடுறப்ப எல்லாரும் பண்ற மொதல் தப்பு, ஹெச்பியை மட்டும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்குறது. 205 ஜிடிஐ 1984ல 1.6 லிட்டர் இன்ஜின், 105 ஹெச்பியோட வந்துச்சு, அப்புறம் அதையே 115 ஆக்குனாங்க, 1986ல வந்த 1.9 லிட்டர்ல 130. ரெனோ 1985ல 1397 சிசி இன்ஜின், டர்போவோட (இன்ஜினுக்குள்ள கூடுதல் காத்தை அழுத்தித் தள்ற கருவி) வந்தப்ப 115, பின்னாடி 120. ரெண்டுமே 900 கிலோவை ஒட்டியோ அதுக்குக் கீழயோதான், அதனால பேப்பர்ல பெரிய வித்தியாசம் தெரியாது.

ஓட்டுனாதான் தெரியும். ரெனோ இன்ஜின் 1962லேருந்து வர்ற பழைய டிசைன், அது மேல டர்போவையும் கார்புரேட்டரையும் மாட்டியிருக்காங்க, அதனால கீழ் ஆர்பிஎம்ல சும்மா சாதுவா இருக்கும், டர்போ புடிச்சதும் முதுகுல கை வச்சு தள்ளுன மாதிரி பாயும். 205ல அப்படி இல்ல, மிதிக்க மிதிக்க வந்துட்டே இருக்கும், ஆனா வளைவுல வேகமா போறப்ப பயந்து ஆக்சிலேட்டர்ல இருந்து சட்டுன்னு காலை எடுத்தீங்கன்னா பின்பக்கம் வெளிய வந்துரும், டெஸ்ட் டிரைவ்ல அந்த வேலையே வேண்டாம்.

ரெனோவை அரைமணி நேரம் நல்லா ஓட்டி சூடாக்கி, ஆஃப் பண்ணி, பத்து நிமிஷம் விட்டு திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்க. சூட்டுல கார்புரேட்டர்ல பெட்ரோல் ஆவியாகி ஸ்டார்ட் ஆகாம அடம் புடிக்கிறது இந்த காரோட பேர்போன வியாதி. 205க்கு பின்னாடி போய் நின்னு பாருங்க, பின் சக்கரம் மேல்பக்கம் உள்ள சாஞ்ச மாதிரி இருந்தா ஆக்சில் பேரிங் போச்சுன்னு அர்த்தம், அந்த வேலை பர்சை காலி பண்ணிரும். துரு ரெண்டுலயும் வரும், ரெனோல பாடியோட கீழ்ப்பக்கம் ஒட்டியிருக்குற பிளாஸ்டிக் ஸ்கர்ட்டுக்கு பின்னாடி ஒளிஞ்சிருக்கும், டார்ச் எடுத்துட்டு போங்க.

சேத்து வைக்கிறதுக்குன்னா பேர் 205க்குதான் அதிகம். 205 பேர்லயே வந்த டர்போ 16 ரேலி கார் 1985லயும் 86லயும் உலக சாம்பியன், அந்த புகழ் ரோட்ல ஓடுற ஜிடிஐக்கும் ஒட்டிக்கிச்சு. ஆனா ரெனோவை லேசா நினைக்காதீங்க, 1989 ஐவரி கோஸ்ட் ரேலில அலன் ஒரேய் ஜெயிச்சது குரூப் என் ஜிடி டர்போல, அதாவது கிட்டத்தட்ட ஷோரூம் வண்டி மாதிரியான கார்ல உலக சாம்பியன்ஷிப் ரேலியையே ஜெயிச்சாரு!

என்னைக் கேட்டா, கையே வைக்காத ஜிடி டர்போ கண்ணுல பட்டா அதை விடாதீங்க, ஏன்னா முக்காவாசி பேர் பூஸ்ட்டை, அதாவது டர்போவோட அழுத்தத்தை, ஏத்தி, பாடி கிட் ஒட்டி, இடிச்சு நாசம் பண்ணிட்டாங்க, ஒரிஜினலா இருக்குறது கம்மி. அது கிடைக்கலன்னா 205, அதுலயும் சாதா 205ஐ ஜிடிஐ மாதிரி ஜோடிச்சு விக்கிறவங்க இருக்காங்க, அதனால காசை எடுக்குறதுக்கு முன்னாடி சேசிஸ் நம்பரை பேப்பரோட ஒத்துப் பாத்துருங்க.